பாரிஸ்: ஏறுவதற்கு மெட்ரோ, இறங்குவதற்குக் கால்

நடைராசா

ஈஃபிள், லூவ்ர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் இரண்டு நாள் கையில் இருக்கிறது, கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்காக இந்த இழை. தெரிந்தவர்கள் அவரவர் பக்கத்தைச் சேர்க்கவும். எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே சொதப்பும், அது போதும். சொந்தக் கதை வேண்டாம்.

பெல்வில்லில் ஆரம்பிக்கிறேன். நகரத்தின் வடகிழக்கு மேடு அது. பெயரைப் பார்த்துவிட்டுப் பெல்வில் ஸ்டேஷனிலேயே இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது அடிவாரம், அங்கிருந்து மூச்சிரைக்க ஏற வேண்டும். ஷாத்லேயில் 11ஆம் லைன் பிடித்துப் பிரெனே ஸ்டேஷன் வரை போய்விடுங்கள். வெளியே வந்ததும் பெல்வில் தெரு மேற்கே சரிந்து இறங்கும். அந்தச் சரிவின் கோடியில், இரண்டு பக்க வீடுகளுக்கும் நடுவில் ஈஃபிள் கோபுரம் ஊசி போல நிற்கும். நடைபாதையிலிருந்து பார்த்தால் பாதி மறைந்துவிடும். சரியான கோணம் ஜீப்ரா கோட்டின் நடுவில்தான், ஆகவே சிக்னலைப் பார்த்துக்கொண்டு படம் எடுங்கள்.

இறங்கும்போது இடப்பக்கம் 72ஆம் எண் வீடு. பாடகி எடித் பியாஃப் 1915இல் இந்த வாசற்படியில் பிறந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. பிறப்புப் பதிவேடு தெனோன் மருத்துவமனை என்கிறது! இன்னும் கொஞ்சம் இறங்கினால் இடப்பக்கம் பியா தெரு பிரியும். மூன்று நான்கு நிமிடத்தில் பெல்வில் பூங்காவின் உச்சி. சீட்டு இல்லை, வரிசை இல்லை, பாரிஸ் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். மாலையில் சூரியன் எதிரே இருப்பதால் நகரம் நிழலுருவமாகத்தான் படத்தில் வரும், கட்டடங்கள் தெளிவாக வேண்டுமென்றால் காலையில் போங்கள். பூங்காவுக்குள்ளேயே படிப்படியாக இறங்கினால் 2ஆம் லைன் கூரோன் ஸ்டேஷன் பக்கத்தில் முடியும். நிதானமாக ஒரு மணி நேரம்.

பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்கும் இதே சூத்திரம்தான். அதே பெயருள்ள ஸ்டேஷனில் இறங்காமல் 3ஆம் லைனில் காம்பெத்தா வரை போய் மேல்வாசல் வழியாக நுழைந்தால் 44 ஹெக்டேரும் இறக்கம்.

பத்தொன்பதாம் வட்டாரம்

பெல்வில் சரி. அதற்கு வடக்கே மூசாயா என்று ஒரு பகுதி இருக்கிறது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஆறேழு மாடிக் கட்டடங்களே நிறைந்த ஊரில் இங்கே மட்டும் சின்னச் சின்ன வீடுகள், முன்னால் ஒரு கைப்பிடித் தோட்டம், கார் நுழைய முடியாத கல் பாவிய சந்துகள். காரணம் அழகுணர்ச்சி இல்லை. அடியில் ஜிப்சம் தோண்டிய பழைய சுரங்கம், கனமான கட்டடத்தை நிலம் தாங்காது. பக்கத்தில் உள்ள பியூட் ஷோமோன் பூங்காவும் அப்படித் தோண்டிப்போட்ட குவாரிதான், 1867இல் பூங்காவாகத் திறந்தார்கள்.

தான்யூப் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். லைன் 7 இல்லை, ‘7 பிஸ்’. இரண்டும் தனித்தனி லைன், லூயி பிளாங்கில்தான் மாற முடியும். 7 பிஸ்ஸில் இன்னொரு வில்லங்கம்: கடைசிப் பகுதி ஒருவழிச் சுற்று. பொட்சாரிஸ், பிளாஸ் தே ஃபெத், பிரே சேன் ஜெர்வே, தான்யூப், மறுபடி பொட்சாரிஸ் என்று ஒரே திசையில்தான் வண்டி ஓடும். ஆகவே போகும்போது பொட்சாரிஸைத் தாண்டினாலும் பதற்றப்படாமல் உட்காருங்கள், தான்யூப் கடைசியில் வரும். தான்யூப்பிலிருந்து பிளாஸ் தே ஃபெத் போக மெட்ரோவைத் தேடாதீர்கள், அந்தத் திசையில் வண்டியே கிடையாது, நடந்துவிடலாம்.

சந்துகளின் பெயர்ப் பலகையில் ‘வில்லா’ என்று இருக்கும். பங்களா என்று நினைத்துவிட வேண்டாம், இங்கே அது குறுஞ்சந்து என்று அர்த்தம். குடியிருப்பு என்பதால் சத்தம் கூடாது, ஜன்னல் பக்கம் கேமரா நீட்டக் கூடாது. வாயிற்கதவு மூடியிருந்தால் அடுத்த சந்து. அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பொட்சாரிஸ் பக்கமாகப் பூங்காவுக்குள் நுழைந்தால் அங்கிருந்து ஏரிக்கு இறக்கம். பாறை உச்சியில் இருக்கும் வட்ட மண்டபத்துக்கு மட்டும் ஏற வேண்டியிருக்கும், ஏறலாம்.

லாச்சப்பல்வாசி

எங்கட லாச்சப்பல் பக்கத்தை ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன். கார் து நோர் ரயில் நிலையத்தால வெளிய வந்து ஃபோபூர் சாந்தெனி தெருவால வடக்கை நடந்தால் கொஞ்ச நேரத்தில தமிழ்ப் பலகைகள் துவங்கும். 2ஆம் லைனில லாச்சப்பல் மெற்றோவாலயும் வரலாம். இடியப்பம், கொத்து, ரோல்ஸ் எல்லாம் கிடைக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்கள் ரோல்ஸை வாயில வைக்கிறதுக்கு முதல் உள்ளுக்கு என்ன எண்டு கேளுங்கோ, மீனும் இறைச்சியும் மரக்கறியும் வெளியால ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மாணிக்க விநாயகர் ஆலயம் பஜோல் தெரு 17ஆம் இலக்கம். கோபுரத்தைத் தேடாதேங்கோ, தெருக் கட்டடத்துக்குள்ளதான் கோயில். தேர் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்ரெம்பர் துவக்கத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்டைக்கு றோட்டை மறிச்சிருப்பினம், பஸ் சுத்திப் போகும், மெற்றோதான் வழி. குவிச்சு வச்சிருக்கிற தேங்காயை அடிக்கேக்க சிரட்டைத் துண்டும் தண்ணியும் றோட்டெல்லாம் பரவும், நல்லா வழுக்கும். சறுக்காத சப்பாத்து போடுங்கோ, சின்னப் பிள்ளையளை முன்வரிசையில விடாதேங்கோ.

இவ்வளவு தூரம் வந்தால் சாந்தெனி பசிலிக்கா தேவாலயத்தையும் பாருங்கோ. பிரெஞ்சு அரசர்களின்ர கல்லறைகள் அங்கதான். அதின்ர கிழக்குப் பகுதி 1144இல முடிஞ்சது, கொத்திக் (Gothic) எண்ட கூர்வளைவுக் கட்டடக்கலை அதிலதான் துவங்கினது எண்டு சொல்லுவினம். 2ஆம் லைனில பிளாஸ் து கிளிஷி போய் 13க்கு மாறோணும். அந்த லைன் லா ஃபூர்ஷில ரெண்டாப் பிரியும், வண்டியின்ர நெத்தியில ‘சாந்தெனி’ எண்டு இருந்தால் மட்டும் ஏறுங்கோ. தேவாலயத்துக்குள்ள போகக் காசில்லை, கல்லறைப் பகுதிக்குத்தான் ரிக்கெற். ஞாயிறு காலமை பூசை நேரம், கல்லறைப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகுதான்.

கூலேவெர்த்

பெரியவர்களோடு வருபவர்களுக்குக் கிழக்கே இன்னொரு நடை. பாஸ்டீலிலிருந்து வின்சேன் போன பழைய ரயில் பாதை 1969இல் மூடப்பட்டது. இப்போது அது ஏறத்தாழ நாலே முக்கால் கிலோமீட்டர் தோட்டம், பெயர் கூலே வெர்த். நியூயார்க்கில் பழைய ரயில் பாதையில் அமைத்த ஹை லைன் பூங்காவுக்கு முன்னோடி. பாஸ்டீல் ஓபராவின் பின்பக்கம், தொமெனில் அவென்யூ தொடங்கும் இடத்தில் படிக்கட்டு. ஏறிவிட்டால் செங்கல் வளைவுகளின் மேல், மூன்றாம் மாடி ஜன்னல்களின் உயரத்தில் நடப்பீர்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கட்டடம், அதன் மேல்மாடிகளில் மைக்கேலாஞ்சலோவின் ‘சாகும் அடிமை’ சிலையின் பிரதிகள் வரிசையாக நிற்கும். தெருவில் போகிறவர்களுக்கு அண்ணாந்தால்தான் தெரியும், உங்களுக்குக் கண்ணெதிரே.

முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. முதல் ஒன்றரை கிலோமீட்டர்தான் பிரமாதம், அது ரெய்யி தோட்டத்தின் மேல் போகும் பாலத்தில் முடிகிறது. அந்தத் தோட்டத்தில் குழாயைத் திறந்தால் இலவசமாக சோடா நீர் வரும், பாரிஸில் முதலில் வைத்தது இங்கேதான், 2010இல். காலி பாட்டில் கொண்டுபோங்கள். அங்கிருந்து 8ஆம் லைன் மோங்கலே ஸ்டேஷன் பக்கம். அதற்கு மேல் பாதை தரைக்கு இறங்கி, சுரங்கம், பள்ளம் என்று போகும், நடைப்பயிற்சிக்காரர்களுக்குப் பரவாயில்லை. சில இடத்தில் லிஃப்ட் உண்டு, நம்பிப் போகாதீர்கள். மேல்தளத்துக்குக் கதவு இருக்கிறது, இருட்டினால் பூட்டிவிடுவார்கள், குளிர்காலத்தில் அது சாயங்காலமே.

காலையில் போவதாக இருந்தால் முதலில் பக்கத்து அலிக்ர் சந்தை. திங்கட்கிழமை கிடையாது, மதியத்துக்கு மேல் கடை கட்டிவிடுவார்கள். மூடும் நேரத்தில் பழம் கூவிக்கூவிக் குறைந்த விலைக்குப் போகும்.

நடைராசா

நல்ல தகவல்கள், நன்றி. டிக்கெட் பற்றி யாரும் சொல்லவில்லை, அதில்தான் பலர் மாட்டுகிறார்கள். 2025 ஜனவரி முதல் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் தூரக் கணக்கு இல்லை, ஒரே விலை (அப்போது 2.50 யூரோ). விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், அப்போது 13. பஸ் டிக்கெட் வேறு, மெட்ரோ டிக்கெட் வேறு, ஒன்றில் இறங்கி மற்றதில் அதையே காட்ட முடியாது. ‘நவிகோ ஈஸி’ என்பது டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் அட்டை, விலை 2 யூரோ. ஓர் அட்டையைத் தட்டிவிட்டுக் குடும்பமே உள்ளே போக முடியாது, தலைக்கு ஒன்று. வாராந்தர நவிகோ விமான நிலையத்துக்கும் செல்லும், ஆனால் திங்கள் முதல் ஞாயிறு வரை என்றுதான் கணக்கு. வெள்ளிக்கிழமை வந்திறங்கி வாங்கினால் அடுத்த வாரத்துக்குத்தான் கிடைக்கும். அதற்கான அட்டையில் சொந்தப் படம் ஒட்டிப் பெயர் எழுதாமல் வைத்திருந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார்.

கல்லும் செம்பும்

மழை பெய்தால் என்ன செய்வது? நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை: ஊர் வரலாற்றுக்குக் கார்னவாலே, ஓவியத்துக்குப் பெத்தி பலே. இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. லூவ்ருக்கும் ஆசியக் கலை அருங்காட்சியகமான கிமேவுக்கும் செவ்வாய். இதைக் கலந்துகட்டித் திட்டம் போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

கிமே கட்டணம் உள்ள இடம், மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் இலவசம். 9ஆம் லைன் இயேனா ஸ்டேஷன் வாசலிலேயே. கம்போடியாவின் கெமர் சிற்பங்களுக்காகப் போகிறவர்கள் அதிகம், நீங்கள் சோழர் செப்புத் திருமேனிகளைத் தேடுங்கள். கோயிலில் பட்டும் பூவும் மூடியிருக்கும் நடராசரை இங்கே அலங்காரமில்லாமல் சுற்றிவந்து பார்க்கலாம். முன்னழகை எல்லோரும் பார்ப்பார்கள், பின்னால் போய் முதுகுத்தண்டின் வளைவையும் தூக்கிய காலுக்கு ஈடுகொடுக்கும் இடுப்பையும் பாருங்கள்.

அங்கிருந்து 9ஆம் லைனில் திரோக்காதேரோ, அங்கே 6க்கு மாறி நாசியோன் திசை. அடுத்த ஸ்டேஷன் பாஸ்ஸி, அதை விட்டதும் வண்டி சேன் நதியின் மேல் பாலத்தில் ஓடும். ஈஃபிள் இடப்பக்கம், அரை நிமிடம்தான். கதவருகே போனைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பிர் ஹக்கீமில் கதவு திறந்ததும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.