ரொட்டியும் சீனியும் குறைந்தபோது: மலையகத்தில் மாச்சத்துக் குறைந்த உணவு, என் அனுபவம்

மாச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) குறைத்து உடல் நிறையைக் குறைத்தவர்கள் எழுதுவதையெல்லாம் நானும் தேடித்தேடி வாசித்திருக்கிறேன். பாதாம் மா, சீஸ், ஒலிவ் எண்ணெய் என்று நீளும் அந்தப் பட்டியல்கள் இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற எனக்குப் பயன்படவில்லை. எங்கள் வீட்டில் மாச்சத்து எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்தில் வருகிறது என்று அளந்து பார்த்ததுதான் பயன்பட்டது. மலையகத்தில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் என் வீட்டிலும் அயலிலும் கண்டதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் காலை உணவு ரொட்டி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, கல்லில் போட்டு இரு பக்கமும் கரும்புள்ளி விழும்வரை சுட்டெடுக்கிற தடித்த ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல் என்கிற மிளகாய்ச் சம்பல். அம்மா ஓய்வுபெறும்வரை கொழுந்து பறித்தவர் என்பதால் அவர் சுடுவது மலைக்குக் கொண்டுபோகிற ரொட்டி, அதாவது காலையில் தின்றால் மதியம்வரை ஏற்ற இறக்கத்தில் நின்று வேலைசெய்யத் தாங்க வேண்டிய ரொட்டி. ஒரு விடுமுறை நாளில் அவர் உருட்டி வைத்த மா உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். தேங்காயையும் தண்ணீரையும் கழித்தால் ஒரு ரொட்டிக்கு ஏறத்தாழ 80 கிராம் மா வந்தது. கோதுமை மா 100 கிராமில் 76 கிராம் அளவுக்கு மாச்சத்து இருப்பதால் ஒரு ரொட்டியில் 60 கிராம், நான் வழக்கமாகச் சாப்பிடும் இரண்டு ரொட்டியில் 120 கிராம். நாளொன்றுக்கு 130 கிராமுக்குள் மாச்சத்து என்பதே மாச்சத்துக் குறைந்த உணவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வீட்டை விட்டு வேலைக்குப் புறப்படுவதற்கு முன்பே அந்த எல்லையை நான் ஏறக்குறைய எட்டிவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தேத்தண்ணி. இந்தக் குளிரில் கையில் சூடாக ஒரு கோப்பை இல்லாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நீட்டுவதும் அதைத்தான். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று ஐந்து கோப்பை குடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போகிறது. அது 160 கலோரி. வயிற்றுக்கு அது சாப்பிட்டதாகவே தெரியாது. மதியம் அலுவலகத்துக்கு வாங்கும் சோற்றுப் பார்சலில் சோறு மலைபோலவும் மரக்கறி ஓரத்தில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். பின்னேரம் ஒரு மாலு பணிஸ் (மீன் வைத்த பணிஸ்). இரவில் மறுபடியும் சோறு. கணக்கைத் தாளில் எழுதிக் கூட்டியபோது ஒரு விஷயம் தெளிவானது: நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, மலை ஏறுகிறவரின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தச் சாப்பாடு எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பெரியவர்களின் எதிர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா இந்த நாட்டில் பரவலானது. எழுபதுகளில், 1973, 1974ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த மாவும் தட்டுப்பட்டுத் தோட்டங்களில் பட்டினி வந்தது. அம்மா அப்போது சிறுமி. கீரையையும் கிழங்கையும் அவித்து வயிற்றை நிரப்பிய நாட்களை அவர் இன்றும் மறக்கவில்லை. காலையில் எனக்கு ரொட்டி வேண்டாம் என்று முதல் தடவை சொன்னபோது அவர் கோபப்படவில்லை, பயந்தார். "மாவுக்கு வரிசையில நின்ன காலத்த நீ பாக்கல புள்ள. இருக்கிற சாப்பாட்ட வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார். அவரிடம் கலோரிக் கணக்குப் பேசுவதில் பொருளில்லை. தட்டை வெறுமையாக வைக்காமல், ரொட்டி இருந்த இடத்தில் வேறொன்றை நிறைய வைத்துச் சாப்பிட்டுக் காட்டியபிறகே அவர் அமைதியடைந்தார். பெரியவர்கள் உள்ள வீட்டில் இதைச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் பொறுமையாக இருங்கள் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இடத்தில் நான் வைத்தவை எல்லாமே எங்கள் பக்கத்தில் கிடைப்பவைதான். காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கோவா (முட்டைக்கோஸ்) வறையும், அல்லது அவித்த கடலை கொஞ்சமும் கீரையும். மதியத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகிறேன்: ஒரு சிறிய கோப்பை சோறு, பருப்பு, போஞ்சி அல்லது சௌசௌ, நெத்தலி அல்லது கோழி. வேலியில் தானாகப் படர்ந்து காய்க்கும் சௌசௌவை ஏழை வீட்டுக் கறி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. 100 கிராமில் 5 கிராமுக்கும் குறைவான மாச்சத்தே உள்ள அந்தக் காய் எனக்குச் செய்த உதவியை வேறெந்த விலையுயர்ந்த பொருளும் செய்யவில்லை. கோவாவில் அது 6 கிராம் அளவு. நுவரெலியா, வெலிமடைத் தோட்டங்களிலிருந்து வரும் உருளைக்கிழங்கில் 17 கிராம் அளவு இருப்பதால், கிழங்கை மரக்கறியாக எண்ணாமல் சோற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். பட்டர் புரூட் (அவகாடோ) காய்க்கும் காலத்தில் எங்கள் சந்தையில் அது மலிவு. சீனி போட்டுப் பிசைந்து சாப்பிட்டே பழகிய அந்தப் பழத்தை உப்பு, மிளகு, தேசிக்காய்ச் சாறு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்; 100 கிராமில் இருக்கும் 8 கிராம் அளவு மாச்சத்தில் பெரும்பகுதி நார்ப்பொருள்தான். கருவாட்டை மட்டும் நன்றாகக் கழுவி ஊறவைத்துச் சமையுங்கள், குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள், ஏனென்றால் மாச்சத்து குறைகிறதே என்ற நிம்மதியில் உப்பு ஏறிவிடுகிறது.

தேத்தண்ணியில் சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தேன். அரைத் தேக்கரண்டிக்கு வந்தபிறகு தேயிலைச் சாயத்தின் சுவையே தெரியத் தொடங்கியது. தேயிலை விளைகிற மண்ணில் பிறந்து வளர்ந்தும் அதுவரை சீனியின் சுவையைத்தான் குடித்து வந்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வியப்பு. இப்போது இஞ்சி தட்டிப் போட்ட வெறும் சாயத்தண்ணியே போதும்.

முதல் வாரத்தில் நிறை வேகமாக இறங்கியது. இதைப் பற்றிப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடல், மாச்சத்தைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் தங்குகிறது. மாச்சத்து குறையும்போது அந்தச் சேமிப்புக் கரைந்து நீர் வெளியேறுவதால் தராசு மகிழ்ச்சியான இலக்கத்தைக் காட்டுகிறது. அதில் கொழுப்பு சொற்பமே. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த மறுநாள் நிறை மறுபடியும் ஏறுவதும் அதே காரணத்தால்தான். அதைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிட்டவர்களை நான் அறிவேன். அதே நாட்களில் எனக்குத் தலைவலியும் இரவில் கெண்டைக்கால் பிடிப்பும் இருந்தன. இன்சுலின் அளவு குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும் என்பதால், மிளகு ரசத்தை உப்போடு குடித்தது உதவியது. மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும். குளிரில் தாகம் தெரியாத ஊர் இது. தண்ணீரை நினைவாகக் குடிக்க வேண்டும்.

ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் என் நிறை 79 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்தது. இடுப்புச் சுற்றளவு 98 சென்ரிமீற்றரிலிருந்து 89க்கு வந்தது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது, ஆண்களுக்கு 90 என்பதே அளவுகோல் என்பதால் எனக்கு இன்னும் தூரம் இருக்கிறது. மூட்டுவலி குறைந்ததும், பின்னேரத்தில் கண்ணைச் செருகும் தூக்கம் போனதும் எனக்கு நிறையைவிடப் பெரிய பலன்கள். இதையெல்லாம் மாச்சத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. 2018இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மற்றக் குழுவுக்கு மாச்சத்துக் குறைந்த உணவும் பழக்கினார்கள். ஓராண்டு முடிவில் முதற்குழுவினர் சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாங்குழுவினர் 6.0 கிலோவும் குறைந்திருந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. இரு குழுவினரிடமும் பொதுவாகக் கேட்டுக்கொண்டது சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து, மரக்கறியைக் கூட்டுங்கள் என்பது. எங்கள் வீட்டுத் தட்டில் மாறியதும் அதுதான் என்பதால், அந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, தெம்புதான் வந்தது.

என் மாற்றத்தைப் பார்த்த அண்ணியும் காலை ரொட்டியை நிறுத்திவிட்டு மலைக்குப் போனார். கொழுந்து பறிக்கிறவர் அவர். பத்து மணிக்கெல்லாம் தலை சுற்றி, சரிவில் உட்கார்ந்துவிட்டாராம். அன்று பறித்த கொழுந்தின் கிலோ குறைந்து அரைப் பேரே, அதாவது அரை நாள் சம்பளமே, விழுந்தது. அவருக்குக் குறைக்க வேண்டிய நிறையும் அதிகம் இல்லை. நான் அவரிடம் ரொட்டியை விட வேண்டாம், சீனியை விடுங்கள், ரொட்டியோடு ஒரு முட்டையோ பருப்போ சேருங்கள் என்றேன். இப்போது அப்படித்தான் செய்கிறார். சம்பளத்துக்கும் குந்தகமில்லை, வயிறும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உடலுழைப்பு உள்ளவர்கள் என் தட்டைப் பார்த்து அளவெடுக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. எங்கள் பக்கத்து வீட்டு ஐயாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு). கிளினிக்கில் கொடுக்கும் கிளிக்லசைட் மாத்திரை எடுக்கிறவர். யாரிடமும் கேட்காமல் சோற்றை நிறுத்தி, மாத்திரையை வழக்கம்போலவே விழுங்கினார். ஒரு மதியம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சும் தடுமாறியது. குருதியில் சீனியை அளக்கும் குளுக்கோமீற்றர் 70க்கும் (mg/dL) கீழே காட்டியது. சீனி கரைத்த தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்து, பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது வைத்தியர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். சாப்பாட்டில் மாச்சத்து குறைந்தால் அந்த மாத்திரையும் இன்சுலினும் அளவுக்கு மீறி வேலைசெய்யும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சீனி வருத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து: மாச்சத்தை மிகவும் குறைத்தால் குருதியில் அமிலம் கூடும் நிலை, சீனி அளவு அதிகம் ஏறாமலேயே வரக்கூடும். ஆகவே மாத்திரை எடுக்கிறவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் ஒரு நாள்கூடத் தொடங்காதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அப்படியே.

பிள்ளைகளின் தட்டில் கை வைக்கவே கூடாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்மை நாட்டளவில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எனக்கு நிறை கூடுதல், அடுத்த காம்பராப் பிள்ளைக்கு வளர்ச்சி குறைவு. இரண்டுக்கும் மருந்தாக எங்கள் வீட்டில் நான் கண்டது அதே முட்டையும் பருப்பும் கீரையும்தான். பிள்ளைகளுக்கு ரொட்டியைக் குறைக்காமல் அவற்றைக் கூட்டிக் கொடுக்கிறோம்.

பந்திகளில் சங்கடம் உண்டு. இலையில் சோறு குறைத்துக் கேட்டால், "உனக்கும் சீனி வந்திருச்சா?" என்று மாமிமார் கவலையோடு கேட்பார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நான் எதையும் மறுப்பதில்லை, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.

குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராம் அளவில் மாச்சத்து இருக்கிறது; நார்ப்பொருளும் கல்சியமும் கூடுதல் என்பதால் கோதுமையை விட நல்லதே தவிர, அளவில்லாமல் சாப்பிடத் தக்கதல்ல. வாரத்தில் ஓரிரு நாள் அம்மா எனக்காகச் சுடுவது அதில்தான், முன்பிருந்த அகலத்தில் பாதியாக ஒன்று, பக்கத்தில் ஒரு முட்டையும் வல்லாரைச் சம்பலும்.