ஜிஆர்இ சொற்கள்: பட்டியல் மனப்பாடம் எங்கே கைவிடுகிறது? (சிலரின் அனுபவப் பகிர்வு)

வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு ஜிஆர்இ. ஆயிரம் சொல் உருப்போட்டும் அதன் ஆங்கில மொழிப் பகுதியான வெர்பலில் 150 மதிப்பெண்ணைத் தாண்ட முடியவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் நினைவாற்றல் இல்லை. சொல்லைப் படித்து வைத்த விதம்தான்.

2011 ஆகஸ்டுக்கு முன்பு ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்வியும் ஒப்புமைக் கேள்வியும் இருந்தன. சொல்லுக்கு நேராகப் பொருள் தெரிந்தாலே மதிப்பெண் விழும். அந்த இரண்டையும் எடுத்த பிறகும் பழைய பட்டியல்கள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இப்போது வெர்பலில் 27 கேள்விகள்: முதல் பகுதியில் 12, அதற்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15, அதற்கு 23 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் மாறும். கோடிட்ட இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் கேள்வியில் மூன்று கோடிட்ட இடம் இருந்தால் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு சரி, ஒன்று தவறு என்றால் பூஜ்யம்தான். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் ஒரே கோடிட்ட இடத்துக்கு, எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும்படி, ஆறு சொல்லிலிருந்து இரண்டு எடுக்க வேண்டும், அங்கேயும் அரை மதிப்பெண் கிடையாது.

இந்த அமைப்பில் ஒற்றைத் தமிழ்ப் பொருள் ஆபத்து. டெனேஷியஸ், ரெசொலூட், ஆப்ஸ்டினேட் மூன்றுக்கும் நோட்டில் 'விடாப்பிடியான' என்று எழுதியிருப்பார்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் பாராட்டு, மூன்றாவது குறை. ஃப்ரூகல் நல்ல சிக்கனம். பார்சிமோனியஸ் மனிதரைப் பற்றி வந்தால் கஞ்சத்தனம். அறிவியல் கோட்பாட்டைப் பற்றி வந்தால் தேவையற்ற அனுமானம் இல்லாத, எளிய விளக்கம், அதாவது பாராட்டு! ஜிஆர்இ பத்திகளில் இந்த இரண்டாவது பொருள் வரும்.

அதனால் சொற்களைத் திருப்பிப் பார்க்க அட்டை (ஃப்ளாஷ் கார்டு) போடும்போது முன்பக்கம் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அந்தச் சொல் வந்த வாக்கியத்தை, 12–15 சொற்களுக்குள், சொல்லின் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். பின்பக்கம் சொல், எளிய ஆங்கிலப் பொருள், பிறகு தமிழ்ப் பொருள், கடைசியாக ஒரு குறி: பாராட்டு என்றால் கூட்டல், குறை என்றால் கழித்தல், இரண்டும் இல்லையென்றால் சுழி. வாக்கியத்தை அகராதியின் எடுத்துக்காட்டிலிருந்தோ நல்ல பத்திரிகைக் கட்டுரையிலிருந்தோ எடுங்கள். சொந்தமாக எழுதும் வாக்கியத்தில் சொல் தப்பாக உட்கார்ந்தால் அந்தத் தப்பும் சேர்ந்து மனப்பாடமாகிவிடும்.

— — —

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புழங்கிய சொற்களில்தான் அடி அதிகம் விழுகிறது. பஞ்சாங்கம் மாதிரி நீளமான சொல்லை எல்லோரும் படிக்கிறார்கள், குவாலிஃபை என்ற சொல்லை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. குவாலிஃபைடு ப்ரெய்ஸ் என்றால் தகுதியான பாராட்டு இல்லை. 'ஆனால்' என்று ஒரு இழுப்போடு வரும் பாராட்டு. ஃப்ளாக் வினையாக வந்தால் சோர்ந்துபோவது. டெம்பர் வினையாக வந்தால் கடுமையைக் குறைப்பது. செக், அரெஸ்ட் இரண்டும் தடுத்து நிறுத்துவது.

சாங்க்ஷன் இன்னும் சிக்கல். 'லோன் சாங்க்ஷன் ஆயிடுச்சு' என்று நம்மூரில் தினமும் கேட்பதால் ஒப்புதல் என்ற பொருள் மட்டும் மனதில் நிற்கிறது. நாடுகள் மீது விதிக்கும் பொருளாதாரத் தடைக்கும் அதே சொல்தான். டிஸ்இன்ட்ரஸ்டட் ஜட்ஜ் என்றால் ஆர்வமில்லாத நீதிபதி அல்ல, தன் நலம் எதுவும் கலக்காத நீதிபதி. எனர்வேட் காதுக்கு எனர்ஜி மாதிரி விழும். பொருள் நேர் எதிர், தெம்பை உறிஞ்சுவது.

இவற்றுக்குத் தனிக் கட்டு வையுங்கள். நாற்பது ஐம்பது அட்டைதான் தேறும். ஆனால் நீளமான சொற்கள் இருநூறைவிட இவை பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

— — —

வேர்ச்சொல் வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நல்ல வழிதான், எல்லை தெரிந்து பயன்படுத்தினால். பேசுதல் என்ற பொருளுள்ள லத்தீன் லொக் தெரிந்தால் லொக்வேஷியஸ், எலொக்வென்ட், கொலோக்கியல், சொலிலொக்வி எல்லாம் ஒரே கொத்தாக வரும்.

பெட் என்று பார்த்ததும் பாதம் என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். பெடஸ்ட்ரியனில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர், பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். முன்னொட்டு 'இன்' எப்போதும் இல்லை என்று சொல்லாது. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பிடிப்பது. டேங்கர் லாரியில் எழுதியிருப்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்னவாகும்!

ஆகவே வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியில் சரிபார்த்த பிறகே அட்டையில் ஏற்றுங்கள். படித்த சொற்களைச் சேர்த்துக் கட்டத்தான் வேர் உதவும். தேர்வு அறையில் தெரியாத சொல்லுக்கு அது கடைசித் துணை.

— — —

அட்டைகளைத் திருப்பிப் படிக்க உதவும் ஆன்கி செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு: புதிய அட்டை நாளொன்றுக்கு 20 என்றுதான் தொடக்கத்தில் இருக்கும். தினமும் 20 புதிதாக எடுத்தால், சில வாரத்தில் திருப்புதல் தினமும் 200 அட்டை அளவுக்கு வந்து நிற்கும் என்று அவர்களுடைய கையேடே சொல்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர் 8 அல்லது 10 வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு நாள் விட்டால் குவியும். அப்போது புதியதைச் சுழியாக்கிவிட்டுப் பழையதை முதலில் முடிக்க வேண்டும்.

எட்டு முறை மறந்த அட்டைக்கு அது லீச் என்று குறி போடும். அதைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. அட்டையில்தான் கோளாறு, பெரும்பாலும் இன்னொரு சொல்லோடு குழம்பியிருக்கும். ப்ரிஸ்க்ரைப், ப்ரொஸ்க்ரைப் மாதிரி. முன்னது விதிப்பது, பின்னது தடை செய்வது. இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிரே வைத்து, ஆளுக்கொரு வாக்கியம் கொடுங்கள்.

— — —

கேள்வியைத் தொடும் முறை பற்றி ஒரு வார்த்தை. விடைகளைக் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படியுங்கள். காலி இடத்துக்கு உங்கள் சொல் ஒன்றைப் போடுங்கள், தமிழில் இருந்தாலும் சரி, கூட்டலா கழித்தலா என்ற குறியோடு. அதன் பிறகு விடைகளைப் பாருங்கள். முதலிலேயே விடைகளைப் பார்த்தால் ஒத்த பொருளுள்ள ஏதோ ஒரு ஜோடி கண்ணில் பட்டு இழுக்கும். வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியையும் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள்.

திசை மாற்றும் சொற்களைக் கவனியுங்கள். ஆல்தோ, டிஸ்பைட் எல்லோருக்கும் தெரியும். 'எனிதிங் பட்' வந்தால் 'அப்படி இல்லவே இல்லை' என்று பொருள். 'நத்திங் பட்' வந்தால் 'அது மட்டுமே'. இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால், கஷ்டப்பட்டுப் படித்த சொல் தெரிந்தும் விடை தலைகீழாகிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஜிஆர்இயில் எதையும் காலியாக விடாதீர்கள். வங்கித் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிற தம்பி தங்கைகள் இதை அங்கே செய்ய வேண்டாம். ஐபிபிஎஸ் பிஓ (வங்கி அதிகாரி) தேர்வில் ஒவ்வொரு தவறுக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும்.