நாலு வயசாகியும் நோட்டுல எழுதல. மாண்டிசோரி டீச்சருக்கு அப்படி என்ன வேலை?

தக்கலை அப்பா:
மகளை மாண்டிசோரியில, அதான் பிள்ளைங்க தானே பொருளை எடுத்துச் செஞ்சு கத்துக்கிற பள்ளியில, சேர்த்து பத்து மாசம் ஆச்சு. பக்கத்து வீட்டுப் பையன் எல்.கே.ஜி.தான், நோட்டு நிறைய அ, ஆ எழுதுறான். இவ பையில நோட்டே கிடையாது. போன வாரம் கூப்பிடப் போனப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். டீச்சர் பாயில உட்கார்ந்து சும்மா பார்த்துட்டு இருக்காங்க. பிள்ளை ஒரு ஜக்குல இருந்து இன்னொரு ஜக்குக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கா. இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?

குழித்துறை டீச்சர்:
அண்ணே, 11 வருஷமா இதுதான் என் வேலை. சும்மா பார்க்கிறதுதான் இதுல ரொம்பக் கஷ்டம். மரக்கட்டையில பத்து குழி, அதுக்குப் பத்து உருளை, ஒவ்வொண்ணும் ஒரு அளவு. ஒண்ணு மாறிப் போனா கடைசியில ஒண்ணு பொருந்தாம கையில நிக்கும். நேத்து மூணரை வயசுப் பையன் அப்படித்தான் நின்னான். என் கை தானா நீண்டுச்சு, இழுத்துக்கிட்டேன். அவனே பத்தையும் வெளிய எடுத்து முதல்ல இருந்து வச்சான். உருளைக் குமிழைப் பிடிக்கிற அதே மூணு விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். அட்டையில உப்புத்தாள் எழுத்து ஒட்டியிருப்போம், பிள்ளைங்க ரெண்டு விரலால தடவிப் பார்ப்பாங்க. 'ழ'வும் 'ஞ'வும் நான் ராத்திரி உட்கார்ந்து வெட்டினது.

வேப்பமூடு:
31 வருஷம் ஒண்ணாம் கிளாஸ் எடுத்து ரிட்டையர் ஆனவன். உங்க பிள்ளைங்க நல்லா பேசுவாங்க, சந்தேகமே இல்லை. ஆனா வரிக்குள்ள எழுத ரெண்டு மாசம் திணறுவாங்க. 45 பேர் இருக்கிற கிளாஸ்ல யாரைன்னு பார்க்க? இன்னொண்ணும் சொல்றேன். அண்டி ஆபீசுக்கு, அதான் முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போற அம்மாவோட பிள்ளைக்கு அங்கன்வாடிதான் உண்டு. இது வசதி உள்ளவங்களுக்கு.

குழித்துறை டீச்சர்:
சாரே, திணறல் உண்மைதான், ஒத்துக்கிடுதேன். ரெண்டாவது சொன்னதுதான் மனசைக் குத்துது. 1907 ஜனவரியில ரோம்ல சான் லொரன்சோங்கிற ஏழைப் பகுதியிலதான் இந்த முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரி அம்மா முதல் பள்ளியைத் தொடங்கினாங்க. அப்பனும் அம்மையும் வேலைக்குப் போனா வீட்டுல தனியா கிடக்கிற பிள்ளைங்களுக்காக. 1939-ல, 69 வயசுல, அடையாறுக்கு வந்து நம்ம நாட்டு டீச்சர்களுக்கே பயிற்சி குடுத்தாங்க. இன்னைக்கு அந்தப் பேரை வச்சே ஃபீஸ் ஏத்துறாங்க. சிரட்டையும் புளியங்கொட்டையும் வச்சு செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கு. அங்கன்வாடியிலும் செய்யலாம்.

மார்த்தாண்டம் அம்மா:
போர்டை மட்டும் நம்பாதீங்க. அந்தப் பேரை யாரும் வச்சுக்கலாம். என் மகனை முதல்ல சேர்த்த இடத்துல பிள்ளைங்க அடுக்கிக் கோபுரம் கட்டுற பத்து இளஞ்சிவப்புக் கட்டையும் கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. பிள்ளைங்க பெஞ்சுல உட்கார்ந்து ஏ, பி, சி எழுதினாங்க. மூணு வயசும் அஞ்சு வயசும் ஒரே அறையில இருக்கா, மணி அடிக்காம தொடர்ந்து எவ்வளவு நேரம் வேலை செய்ய விடுறாங்கன்னு கேளுங்க.

வேப்பமூடு:
அங்கன்வாடியில செய்யலாம்னு சொல்றது லேசு டீச்சர். அந்த அக்கா சமைக்கவா, ரெஜிஸ்டர் எழுதவா, பாயில உட்கார்ந்து பார்க்கவா?

குழித்துறை டீச்சர்:
கூட ஒரு ஆள் வேணும் சாரே. அதைத்தான் நாம கேட்கணும்.

தக்கலை அப்பா:
நேத்து இட்லி மாவு சிந்துன இடத்துல மக விரலால 'ழ' போட்டா. யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனாலும் நோட்டு வேணும்னுதான் எனக்கு இன்னும் தோணுது. உள்ள உட்கார்ந்து பார்க்கணும்னு கேட்டா விடுவாங்களா?

குழித்துறை டீச்சர்:
கேளுங்க அண்ணே. காலையில, பிள்ளைங்க வேலையில இறங்கின பிறகு, ஓரமா தாழ்வா உட்காருங்க. மக ஓடி வந்து மடியில ஏறுவா. கொஞ்சம் பொறுங்க, அவளே இறங்கிப் போவா. எந்த அலமாரிக்குப் போறான்னு பாருங்க.