பாஸ்கட் விழுந்த பிறகு பந்து எப்போது லைவ் ஆகிறது?

கேள்வி: பள்ளி மாணவிகளின் பாஸ்கட்பால் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு மேட்சில் 9 விநாடி பாக்கி இருக்கும்போது எதிரணி பாஸ்கட் போட்டு ஒரு பாயிண்ட் முன்னால் போய்விட்டது. எங்கள் பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு எண்ட் லைனுக்கு வெளியே போய் நின்றாள். நான் ஸ்கோர் எழுதும் அதிகாரிகளின் டேபிளுக்கு ஓடி டைம் அவுட் கேட்டேன். "பந்து லைவ் ஆகிவிட்டது, கிடையாது" என்றார்கள். கடிகாரம் நின்றுகொண்டிருக்கிறது, பந்தும் கோர்ட்டுக்குள் வரவில்லை. அப்புறம் எப்படி லைவ்?

பதில் 1: சார், இருபது வருடமாக விசில் ஊதுகிறேன். டேபிளில் சொன்னது சரிதான். கடிகாரத்தையும் பந்தையும் ஒன்றாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். பாஸ்கட் விழுந்ததும் பந்து டெட், அதாவது ஆட்டத்தில் இல்லை. த்ரோ இன் போடும் ஆள், அதாவது வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுபவர், கோட்டுக்கு வெளியே பந்தோடு தயாரானதும் லைவ். அந்த நேரத்தில் நான் அவருடைய காலைத்தான் பார்ப்பேன். இரண்டு காலும் வெளியே, பந்து கையில் என்றால் பந்தை உள்ளே போட வேண்டிய 5 விநாடியை என் கை எண்ண ஆரம்பித்துவிடும். கடிகாரம் உள்ளே இருக்கும் ஆள் பந்தைத் தொட்ட பிறகுதான் ஓடும். அதுவரை அது நிற்பதற்குக் காரணம், நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் பாஸ்கட் விழுந்தால் நிறுத்த வேண்டும் என்ற விதி.

ஆகவே வலையிலிருந்து விழுந்த பந்தை உங்கள் பிள்ளை எடுத்துக்கொண்டு வெளியே போகும் அந்த ஒன்றிரண்டு விநாடிதான் டைம் அவுட்டுக்கு உங்களுடையது. அடுத்த முறை எதிரணி ஷூட் செய்வதற்கு முன்பே டேபிளில் சொல்லிவிடுங்கள். விழுந்தால் உடனே பஸ்ஸர் அடிப்பார்கள். விழாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டைம் அவுட் கிடைத்திருந்தால் பந்தை எதிரணிப் பாதியிலிருந்தே உள்ளே போட்டிருக்கலாம், எனக்கே மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள், வேகமாக வெளியே போவதுதான் நல்ல பழக்கம்.

பதில் 2: இதே தகராறில்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியே தலைகீழானது. 3 விநாடி பாக்கி. டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டு அமெரிக்கா 50-49. டைம் அவுட் கேட்டோம், தரவில்லை என்று சோவியத் தரப்பு டேபிளில் மல்லுக்கு நின்றது. இரண்டாவது ஃப்ரீ த்ரோ விழுந்த பிறகு டைம் அவுட் கிடையாது என்பது அன்றைய விதி. கடைசியில் அந்த 3 விநாடியைத் திரும்பக் கொடுத்து ஆடவைத்தார்கள். சோவியத் வீரர் எதேஷ்கோ கோர்ட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீச, சக வீரர் பெலோவ் பிடித்துப் போட்டார், 51-50. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை.

கேள்வி கேட்டவர்: நன்றி சார். ஒரே ஒரு சந்தேகம். வெளியே நிற்கும் பிள்ளை, வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளைக்குப் பந்தைக் கொடுத்தால் 5 விநாடி மறுபடி முதலிலிருந்தா?

பதில் 1: இல்லை சார். பாஸ்கட் விழுந்த பிறகு எண்ட் லைனுக்கு வெளியே அப்படிக் கொடுக்கலாம், பக்கவாட்டில் ஓடவும் செய்யலாம். ஆனால் முதல் பிள்ளை கையில் தொடங்கிய எண்ணிக்கைதான் தொடரும்.