கரைவலை மடியில் சாதாழையும் இல்லை, ஓராக் குஞ்சும் இல்லை: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

சல்லிக்கரை எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் சல்லிப் பக்கம் ஒரு கரைவலைப் பாட்டில், அதாவது வலை இழுக்கிற கரைத் துண்டில், எங்கள் குடும்பத்துக்குப் பங்கு இருக்கிறது. வலை கரை சேர்ந்ததும் மீன் சேர்கிற பையான மடியை உதறுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அந்த நாளில் மடியைத் திறந்தால் முதலில் விழுவது மீன் இல்லை, சாதாழை என்று நாங்கள் சொல்கிற கடற்புல்தான். விரலகல இலை, முழ நீளம், கரும்பச்சை. அதை அள்ளி ஒதுக்கினால் அடியில் ஓராக் குஞ்சும் விளைமீன் குஞ்சும் துள்ளும். சில நாள் கடற்குதிரையும் வரும். ஓரா முள் குத்தினால் கை விடியும்வரை கடுக்கும் என்று அம்மா கரையில் நின்று சத்தம் போடுவார்.

இப்போது மடி சுத்தமாக வருகிறது. காரல், சூடை, கொஞ்சம் நெத்தலி. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டுக்கு வடக்கே கல் போட்டு அணை கட்டிய பிறகுதான் இது கூடியது என்று எனக்குப் படுகிறது. முன்பு பச்சையாக இருந்த இடத்தில் முகக்கண்ணாடி போட்டு இறங்கிப் பார்த்தேன். வெறும் மணல், அதில் அலை வரைந்த கோடுகள், அங்கங்கே ஒரு நண்டு வளை.

எங்கள் பெரியவர்களில் கனபேருக்கு இதில் சந்தோஷம். வலை பாரமில்லை, கிழியவில்லை, இழுப்பது சுகம் என்கிறார்கள். மீனின் நிறையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் குஞ்சுகள் எங்கே போயின? புல் போனதால்தான் போயினவா, இல்லை வேறு காரணமா? விசயம் தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்.

கிண்ணியா நானா எழுதியது:

தம்பி, உங்களுக்குப் புல்லில் நடந்தது எங்களுக்குக் கண்டலில், கரையோரச் சேற்றில் நிற்கிற மரங்களில், நடந்தது. தம்பலகாமக் குடா ஓரத்தில் கண்டல் அடர்ந்து நின்ற காலத்தில் வீச்சுவலை எடுத்துப் போனால் கறிக்கு இறால் நிச்சயம். கொடுவாக் குஞ்சும் கலவாய்க் குஞ்சும் வேருக்குள்ளேதான் கிடக்கும். விறகுக்கு வெட்டினார்கள், காணிக்கு வெட்டினார்கள், சண்டைக் காலத்தில் வேறு காரணத்துக்கும் வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு இளகிப் போச்சு. இப்போது அதே இடத்தில் வீசினால் மணலை மீனும் களி நண்டும் கிடைக்கும், கொடுவாவைக் காணோம்.

நிறையை வைத்துப் பார்க்காதீர்கள். என்ன மீன் வருகிறது என்று பாருங்கள். எங்கள் வாப்பா சொல்வது அதுதான்.

கடற்படுகை எழுதியது:

தம்பி சல்லிக்கரை, கேள்வியை நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். நான் படித்த காலத்தில் இந்த மாவட்டத்தில் கடற்புல் கணக்கெடுக்கப் போனவள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் சாதாழை என்று சொல்வதில் பெரும்பகுதி பாசி இல்லை. பூக்கிற, வேர் விடுகிற உண்மையான புல். அதற்கு வெயில் வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும், அசையாத மணல் வேண்டும். உங்கள் விரலகல இலை பெரிய இனம். கட்டை விரல் நகம் அளவு வட்ட இலையோடு படரும் சின்ன இனமும் இங்கே உண்டு. சின்னது அழிந்தாலும் சில மாதங்களில் திரும்பப் படரும். பெரியது அப்படி இல்லை. அதன் மணலடித் தண்டை அறுத்துவிட்டால் அந்த வடு மூட வருடக் கணக்காகும்.

இனி உங்கள் ஓராவுக்கு வருவோம். ஓராக் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் நேரே கரைக்கு வருவதில்லை. மூன்று நான்கு வாரம் கண்ணாடிபோல் உடல் தெரிய நீரோட்டத்தோடு மிதந்து திரியும். அப்புறம்தான் அடி தேடி இறங்கும். இப்படி இறங்குகிற குஞ்சுகள் வாசனையையும் சத்தத்தையும் வைத்து இடம் தெரிவு செய்கின்றன என்பது பல கடல்களில் சோதித்துப் பார்த்த விசயம். இறங்கிய முதல் ஓரிரு நாள்தான் கண்டம். பவளப்பாறை மீன்களில் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இறங்கிய குஞ்சுகளில் பாதிக்கு மேல் அந்த ஓரிரு நாளிலேயே மற்ற மீன்களின் வாய்க்குள் போய்விடுகின்றன. ஒளிய இடம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெறும் மணலில் இறங்கிய ஓராக் குஞ்சைச் சீலாவும் பாரையும் விட்டுவைக்காது.

புல் ஒளிவிடம் மட்டும் இல்லை, சாப்பாட்டு இடமும் அதுதான். அடுத்த முறை ஒரு சாதாழை இலை கிடைத்தால் நகத்தால் வழித்துப் பாருங்கள். பழுப்பாக ஒரு மெழுக்கு வரும். அதற்குள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இறாலினப் பூச்சிகளும் நுண்பாசியும் இருக்கும். ஓராக் குஞ்சு மேய்வது அந்தப் பாசியை. விளைமீன் குஞ்சு பொறுக்கித் தின்பது அந்தப் பூச்சிகளை. புலி இறாலின் ஒரு இனம் சின்ன வயதில் புல்லைவிட்டு வெளியே வருவதே குறைவு. நீலக்கால் நண்டின் குஞ்சுக்கும் புல்தான் இடம்.

காரல், சூடை, நெத்தலிக்கு இந்தப் புல் தேவையில்லை. காரல் மணலிலும் சேற்றிலும் வாழும், மற்ற இரண்டும் நடுத்தண்ணீரில் திரியும். அதனால்தான் உங்கள் நிறை குறையவில்லை. கிண்ணியா நானாவின் வாப்பா சொன்னது முழுக்கச் சரி. தராசு இந்த இழப்பைக் காட்டாது. நீங்கள் இழந்தது இன்றைய மீனை இல்லை. இரண்டு மூன்று வருடம் கழித்துப் பாறைப் பக்கம் தூண்டிலில் வரவேண்டிய விளைமீனை. அப்போது தூண்டில்காரர் கரைவலைக்காரரைக் குறை சொல்வார், கரைவலைக்காரர் சுருக்குவலையைக் குறை சொல்வார். அடி மாறியதைப் பற்றி யாரும் கதைக்க மாட்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கவலை.

காரணம் என்று கேட்டால், ஒன்றைச் சொல்லிவிட முடியாது. அணை கட்டினால் மணல் நகர்கிற பாதை மாறும். ஒரு பக்கம் அரிக்கும், மறு பக்கம் குவியும். சின்னப் புல் சில அங்குலம் மணல் மூடினாலே செத்துவிடும். வெள்ளத்தோடு வருகிற கலங்கல் வெயிலை மறைக்கும். கொட்டியாரக் குடாவில் மகாவலி விழுவதால் அங்கே இது பெரிய விசயம். 335 கிலோமீட்டர் ஓடிவருகிற ஆறு, வழியெல்லாம் வயல். வயல் உரம் கடலில் சேர்ந்தால் இலைமேல் பாசி தடித்து இலை மூச்சுத் திணறும். நங்கூரமும் எஞ்சின் விசிறியும் அறுப்பது தனி. கரைவலையைப் பற்றியும் கேட்கவேண்டும்: நீங்கள் கையால் இழுக்கிறீர்களா, உழவு இயந்திரம் வைத்தா? இயந்திரம் இழுத்தால் அடிக்கயிறு மணலைச் சீவிக்கொண்டு வரும்.

ஒரு எச்சரிக்கை. மாரியில் பார்த்துவிட்டுப் புல் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். வாடையடிக்கிற மாதங்களில் புல் தானாகவே மெலியும். ஆடி ஆவணியில், தென்மேற்கே இருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில், நம் பக்கம் கடல் படுத்திருக்கும்போது பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ச் 1 உலகக் கடற்புல் நாள். அதை 2022இல் ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டுபோனது இலங்கை. அதே இலங்கையின் கரையில் ஒரு பாட்டில் புல் போனதை ஒரு கரைவலைப் பிள்ளைதான் முதலில் கவனிக்கிறான்.

நிலாவெளிச் சுழியோடி எழுதியது:

நான் சுற்றுலாக்காரரை நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவுக்குக் கூட்டிப் போகிறவன். கடற்படுகை அக்கா எழுதியதோடு முருகைக்கல்லையும், அதாவது பவளத்தையும், சேர்க்கவேண்டும்.

உயிரோடு இருக்கிற கொம்பு முருகைக்குமேல் போய் நின்றால், நகத்தளவு நீலக் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கிளைகளுக்குள் இறங்கி மறையும். நிழல் நகர்ந்ததும் ஒவ்வொன்றாக மேலே வரும். செத்து உடைந்து துண்டாய்க் கிடக்கிற இடத்தில் அந்தக் காட்சியே கிடையாது. உடைந்த துண்டு அலைக்கு உருளும், உருளுகிற கல்லில் புது முருகையும் ஒட்டாது. அங்கே பெரிய கிளிமீன் மேய்வதைப் பார்த்துவிட்டு இங்கே மீன் இருக்கிறதே என்று ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். குஞ்சு இருக்கிறதா என்று கேட்பவர் இல்லை.

புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அது வேண்டும், நான் அதற்கு ஆதரவு. ஆனால் பப்புவா நியூகினியில் கிம்பே குடா என்ற இடத்தைப் பற்றி 2004இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அங்கே முருகை அழிந்தபோது பாறை மீன் இனங்களில் நான்கில் மூன்று பங்கு இனங்கள் முன்பைவிட அரிதாகின. மீன்பிடி தடுக்கப்பட்ட பகுதிக்குள்ளும் அதே கதை. பிடிக்காமல் விட்டாலும் வீடு இல்லாவிட்டால் குஞ்சு தங்காது. அதனால்தான் முருகைமேல் ஏறி நிற்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, காசு தந்தவர் என்றாலும் இறங்கச் சொல்வேன்.

சல்லிக்கரை எழுதியது:

அக்கா, நாங்கள் கையால்தான் இழுக்கிறோம். ஆனால் போட்டுகள் இப்போது எங்கள் பாட்டுக்குள்ளேயே நங்கூரம் போடுகின்றன. அணைக்குத் தெற்கே ஒரு மணல்மேடு எழும்பியிருப்பதும் உண்மை. அப்பாவிடம் தூண்டிலையும் விளைமீனையும் பற்றிச் சொன்னேன். பேசாமல் இருந்துவிட்டு, பாறையில் விளை குறைந்து கொஞ்சக் காலம்தான் என்றார். அதை அவர் இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

வேறு இடத்திலிருந்து புல் கொண்டுவந்து நடலாமா? எங்கள் சங்கத்தில் இளம் பிள்ளைகள் சிலர் தயார்.

கடற்படுகை எழுதியது:

உடனே நட வேண்டாம் தம்பி. புல்லைக் கொன்ற காரணம் அங்கேயே இருந்தால் நட்டதும் சாகும், எடுத்த இடத்திலும் ஓட்டை விழும். சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட்டார்களே, அதில் 23 இடங்களைப் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று 2017இல் எழுதினார்கள். தண்ணீர் மட்டம் பார்க்காமல், மண் பார்க்காமல் நட்டதுதான் பெரிய காரணம். நட்டவர்களின் மனசு நல்ல மனசு, அந்த உழைப்பு வீணானதை நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுங்கள். அணையிலிருந்து தள்ளி ஒரு திட்டாவது பச்சையாக நிற்கும், தேடிப் பாருங்கள். கண்டால் அதன் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குழாய் நட்டு, மணலுக்குமேல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். மணல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்தக் குழாயிலேயே தெரியும். இரும்பு வேண்டாம், துருப்பிடித்துக் காலைக் கிழிக்கும். வலை இழுக்கிற பாதையிலும் வேண்டாம். போட்டுக்காரரோடு பேசி அந்தத் திட்டை விட்டுத் தள்ளி நிலையான கட்டுமிதவை ஒன்று போடப் பாருங்கள். நங்கூரத்தைத் தினமும் இறக்கி ஏற்றுவதைவிட அவர்களுக்கும் அது சுகம். மடியில் வருகிற குஞ்சை இனம் இனமாக ஒரு கொப்பியில் குறியுங்கள், அப்பாவின் பெயரிலேயே. அணையைப் பற்றிக் கரையோரம் பேணல் திணைக்களத்தில் பேசப் போகும்போது அந்தக் கொப்பியைவிட வலுவான சாட்சி வேறு கிடையாது.

கிண்ணியா நானா எழுதியது:

குழாய் நான் தருகிறேன், வீடு கட்டி மிஞ்சியது கிடக்கிறது. எங்கள் பக்கம் ஒரு இடத்தில் அந்த விரலகலப் புல் இன்னும் நிற்கிறது தம்பி. உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. வெள்ளியைத் தவிர எந்த நாளென்றாலும் சரி, விடிய வந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும். தோணியில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். புல்லுக்குள்ளே என்னென்ன குஞ்சு நிற்கிறது என்று நீங்களே எண்ணி, உங்கள் பாட்டோடு வைத்துப் பாருங்கள்.