படிவத்தில் கட்டம் இல்லாத பதில்கள்: மனநல மருந்து ஆய்வுகளில் நாம் கண்டது, பட்டது

மதிப்பீட்டாளர்

மனச்சோர்வுக்கான மருந்தைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பங்கேற்பவர்களை வாரம் ஒருமுறை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவதுதான் என் பணி. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி (பார்க்க மருந்துபோல் இருக்கும், மருந்தில்லாத மாத்திரை) என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கையில் இருந்தது 1960-இல் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட அளவுகோல். 17 கேள்விகள், நிலைமை மிக மோசம் என்றால் 52. மதிப்பெண் இறங்க இறங்க நோய் தணிகிறது என்று கணக்கு.

ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. ஆறாவது வாரம் அவருடைய மதிப்பெண் 24-இலிருந்து 11-க்கு இறங்கியிருந்தது. நல்ல முன்னேற்றம். கோப்பை மூடப் போனேன். அப்போது அவர், கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அழுகை நின்றுவிட்டது அம்மா. போன வாரம் என் அக்காவின் நினைவு நாள் வந்தது. அன்றைக்கும் வரவில்லை. வரவேண்டுமே என்று படத்தின் முன்னால் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்."

இதை எந்தக் கேள்விக்கு எதிரில் எழுதுவது? படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். பக்கவிளைவுப் பட்டியலில் வாய் உலர்தல், குமட்டல், தலைவலி, தூக்கக் கலக்கம் எல்லாம் இருந்தன. கடைசியில் 'மற்றவை' என்று ஒரே ஒரு வரி. அதில் அவர் சொன்னதை அப்படியே பொடி எழுத்தில் எழுதினேன். கணினியில் ஏற்றியபோது அது 'உணர்ச்சி மாற்றம்' என்று இரண்டு சொல்லாகிவிட்டது.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த 17 கேள்விகளில் மூன்று தூக்கத்தைப் பற்றியவை. மூன்றுக்கும் சேர்த்து ஆறு மதிப்பெண். வேறெதுவும் செய்யாமல் நன்றாகத் தூங்கவைத்தாலே ஒரு மருந்து ஆறு வரை இறக்கிக் காட்ட முடியும். மருந்துக்கும் மருந்துப்போலிக்கும் சராசரி வித்தியாசமோ, 2008-இல் இர்விங் கிர்ஷ் குழு கணக்கிட்டபடி, 1.8 மதிப்பெண்தான்.

மருந்துகள் பயனற்றவை என்று நான் சொல்லவரவில்லை. 2018-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு 522 ஆய்வுகளையும் 1,16,477 பேரையும் சேர்த்துப் பார்த்தது. அதில் எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் மருந்துப்போலியை விட மேலாகவே நின்றன. அந்தச் சராசரிக்குள் ஒருவர் பெரிதும் தேறியிருப்பார், இன்னொருவர் துளியும் தேறியிருக்கமாட்டார், மூன்றாமவர் அக்காவின் படத்தின் முன்னால் அழுகைக்காகக் காத்திருப்பார். ஆய்வில் பங்கேற்றவர்கள், மருந்து எடுத்தவர்கள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் எழுதுங்கள். படிவத்தில் இடமில்லாமல் போன எதைக் கண்டீர்கள்?

தன்னார்வலர்

எனக்கு நோய் எதுவும் இல்லை. நலமாக இருப்பவர்களுக்கு எசிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்து, மனத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வில் மூன்று வாரம் இருந்தேன். நோயின் பாதிப்பு எது, மருந்தின் வேலை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நேரான வழி இல்லை என்று விளக்கினார்கள். படிவத்தில் கையெழுத்திட்டேன்.

நான்காம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் குமட்டல், காரணமே இல்லாமல் கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. மருந்துப்போலி இப்படிச் செய்யாது என்று நானே முடிவுகட்டினேன். பின்னால் கேட்டபோது என் ஊகம் சரி என்றார்கள். இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தும் 'இரட்டை மறைப்பு' ஆய்வு என்பது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் மறைந்திருப்பதில்லை. இதை ஆய்வாளர்களும் அறிவார்கள்.

சோதனைகளில் ஒன்று முகங்கள். திரையில் ஒரு முகம் அரை நொடி மின்னி மறையும். பயமா, மகிழ்ச்சியா, சோகமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். உணர்ச்சி மிக இலேசாகக் கலந்த முகங்களும் வரும். உதட்டின் ஓரம் துளி வளைந்திருக்கும், அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் பல ஆண்டுகளாக இத்தகைய சோதனைகளை நடத்திவருகிறார். மனநிலை மேம்பட வாரங்கள் ஆகும். ஆனால் முகத்தைப் படிக்கும் விதமோ முதல் வேளை மருந்திலேயே நகரத் தொடங்கிவிடுகிறது என்று அவர் குழு காட்டியிருக்கிறது. எதிரில் இருப்பவரின் முகத்தில் வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்த கண் கொஞ்சம் சிரிப்பையும் பார்க்கிறது. பார்த்துப் பார்த்து, பல நாள் கழித்து மனம் தெளிகிறது. இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இரண்டாவது சோதனையில் இரண்டு நிறக் கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் பெரும்பாலும் பரிசு, மற்றதைத் தொட்டால் பெரும்பாலும் நட்டம். பழகிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விதியைத் தலைகீழாக்கிவிடுவார்கள். மருந்து தொடங்குவதற்கு முன்னால், திரையில் பரிசு வந்ததும் உள்ளுக்குள் ஒரு சிறு துள்ளல் இருந்தது. மூன்றாம் வாரம் பரிசு வந்தது, பார்த்தேன், அடுத்ததைத் தொட்டேன். துள்ளல் இல்லை. 2023-இல் கேம்பிரிட்ஜில் பார்பரா சஹாக்கியன் பங்குபெற்ற ஓர் ஆய்வு வெளியானது. 66 தன்னார்வலர்கள், இதே மருந்து, குறைந்தது 21 நாள். மருந்து எடுத்தவர்கள், கிடைக்கும் பரிசை வைத்து அடுத்த முடிவை எடுப்பதில் மந்தமாகியிருந்தார்கள் என்று கண்டார்கள். நான் இருந்தது அந்த ஆய்வில் அன்று. ஆனாலும் அதைப் படித்தபோது என் நெஞ்சைத் திறந்து பார்த்து எழுதியது போலிருந்தது.

சோதனைக்கூடத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்கிறேன். எனக்கு மிகப் பழக்கமான ஒரு வயலின் இசை உண்டு. அதில் ஓரிடத்தில் எப்போது கேட்டாலும் மயிர்க்கூச்செறியும். பதினெட்டாம் நாள் இரவு கேட்டேன். அந்த இடம் வந்தது, கடந்து போனது. கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. வருத்தம்கூட வரவில்லை என்பதுதான் விசித்திரம். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். மருந்து நின்ற சில வாரங்களில் எல்லாம் திரும்பிவிட்டது.

மருந்துப்போலி வாங்கியவன்

மேலே எழுதிய நண்பர் "மருந்துப்போலி இப்படிச் செய்யாது" என்கிறார். எனக்குச் செய்தது. எட்டு வார ஆய்வு. வாய் உலர்ந்தது, மனம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் மந்தமானது, கூடவே சோர்வும் பாதியாகக் குறைந்தது. மருந்து என்னை மாற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் எனக்குக் கொடுத்தது வெறும் மாவு மாத்திரை என்றார்கள்.

தேறியது பொய்யில்லை. வாரந்தோறும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "இந்த வாரம் எப்படித் தூங்கினீர்கள்?" என்று அக்கறையாகக் கேட்டார். அதற்கு முன் என்னிடம் அப்படிக் கேட்டவர் யாரும் இல்லை. ஆகவே அனுபவத்தை எழுதுவோம். எது மருந்தால் வந்தது என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இருபத்திரண்டு வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆனபோது, "குரல் போய்விட்டதா தம்பி?" என்று கேட்டேன். "போகவில்லை அக்கா. எனக்குள் பேசிக்கொண்டிருந்தது. இப்போது அடுத்த வீட்டில் பேசுகிறது. அது என்னைப் பற்றியதாகவே தோன்றவில்லை" என்றான்.

மருந்து பலிக்கவில்லையோ என்று பயந்துபோனேன். பிறகுதான் ஷிதிஜ் கபூர் என்ற ஆய்வாளர் 2003-இல் எழுதிய கட்டுரையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எது முக்கியம், எதை உடனே கவனிக்க வேண்டும் என்று உலகத்துப் பொருள்கள் மேல் குறி வைப்பது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேலைகளில் ஒன்று. நோயின்போது அந்தக் குறி கண்ட கண்ட இடத்திலெல்லாம் விழுகிறது; எதிரே வருபவரின் இருமல்கூடத் தனக்கான செய்தியாகிவிடுகிறது. மருந்து எண்ணத்தை அழிப்பதில்லை, அதன் மேல் இருந்த கனத்தைக் குறைக்கிறது என்பது அவர் கருத்து. என் தம்பி சொன்னதும் அதைத்தானே?

இந்த மருந்துகளின் வரலாறும் இப்படி ஒரு விலகலில்தான் தொடங்குகிறது. குளோர்புரோமசின் என்ற மருந்தை அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்த்த ஆன்றி லபோரி என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளிகள் விழித்திருந்தும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் இருப்பதைக் கவனித்தார். 1951 நவம்பரில் கோர்னேலியா குவார்ட்டி என்ற மனநல மருத்துவர் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். முதலில் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றியது என்றும், பிறகு எல்லாவற்றிலிருந்தும் விலகிய ஓர் அமைதி வந்தது என்றும் சொன்னார். அடுத்த ஆண்டு பாரிசின் செயின்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியேர் தெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அளவுகோல்கள் வருவதற்கு முன்னால், மருந்து உள்ளே போனவர் என்ன சொல்கிறார் என்பதுதான் ஆதாரமாக இருந்தது.

தம்பிக்கு மருந்தின் வேலை அந்தக் கனத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவன் முன்னால் நடந்துபோவதைப் பார்த்தேன். நடக்கும்போது எல்லோருக்கும் கை வீசும் அல்லவா? அவனுக்கு இரண்டு கைகளும் பலகைபோல் தொடையோடு ஒட்டித் தொங்கின. சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் பிடித்தது. கபூர் குழுவே 2000-இல் மூளைப் படங்கள் வழியாக இதையும் அளந்திருக்கிறது. டி2 ஏற்பிகளில் (மூளையில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்கள்) சுமார் 65 சதவீதத்தை மருந்து பிடித்தால் பலன் தெரிகிறது. 78 சதவீதத்தைத் தாண்டினால் இந்த விறைப்பு வருகிறது. இடைவெளி அவ்வளவு குறுகல். இதை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசினேன். முதலில் பார்த்தவர் "சோம்பல், நோயின் குணம்" என்று ஒதுக்கினார். அடுத்தவர் தம்பியை எழுப்பி நடக்கச் சொல்லிப் பார்த்தார். அளவைக் குறைத்தார். மூன்று வாரத்தில் இடது கை வீசத் தொடங்கியது. வலது கைக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

மெதுவாகக் குறைப்பவன்

ஒன்பது ஆண்டுகள் சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தேன். "மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைவு, சர்க்கரைக்காரர்களுக்கு இன்சுலின் போல இது" என்று சொல்லித் தொடங்கினார்கள். 2022-இல் ஜோவன்னா மான்க்ரீஃப் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வு செரடோனின் குறைவால் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மருந்துதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது என்பதும் உண்மை. பலன் தருவது வேறு, குறையை நிரப்புவது வேறு. இந்த வேறுபாட்டை அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

20 மில்லிகிராமிலிருந்து 10, பிறகு 5, பிறகு நிறுத்தம் என்று குறைத்தார்கள். 5 வரை பெரிய தொல்லை இல்லை. நிறுத்திய மூன்றாம் நாள், தலையைத் திருப்பினால் கண்ணுக்குப் பின்னால் மின்சாரம் சுண்டியதுபோல் ஒரு வெட்டு. எரிச்சல், அழுகை, கனவா நனவா என்று தெரியாத இரவுகள். "நோய் திரும்பிவிட்டது" என்றார்கள். என் நோயை எனக்குத் தெரியும். அதில் மின்சாரம் கிடையாது.

மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-இல் எழுதிய கட்டுரை எனக்கு விடை சொன்னது. 20 மில்லிகிராம், செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவைக்கிறது. அளவை 40 ஆக இரட்டித்தாலும் 86-தான். ஆனால் 5-க்கு இறக்கினால்கூட இன்னும் 60-க்கு அருகில் நிற்கிறது! அங்கிருந்து ஒரே தாவில் பூச்சியத்துக்கு இறங்குவது, மாடிப்படியில் கடைசிப் பத்துப் படிகளை விட்டுவிட்டுக் குதிப்பதுதான். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. 2024-இல் வெளியான தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஓர் அறிகுறி இருந்தது. மருந்துப்போலியை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதத்தினருக்கு இருந்தது. மருந்துப்போலி நண்பர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வேறொரு மருத்துவரின் மேற்பார்வையில், திரவ வடிவ மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து குறைத்துவருகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம், தயவுசெய்து.

ஓவியரின் மகள்

அப்பாவுக்கு இருமுனைக் கோளாறு (அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்); மருந்து லித்தியம். இரண்டாம் ஆண்டு, "வண்ணம் என்னோடு பேசவில்லை" என்று யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். பதினோரு நாள் தூங்காமல் வரைந்தார். அந்தப் படங்களை இன்று அவரே பார்க்க விரும்புவதில்லை. திரும்ப மருந்துக்கு வந்தது அவருடைய முடிவு. இரத்தத்தில் அளவு 0.6-க்கும் 1.0-க்கும் இடையில் நிற்கிறதா என்று இன்றும் பரிசோதிக்கிறோம்.

லித்தியத்தை நிலைநாட்டிய டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ, 24 கலைஞர்களிடம் இதையே கேட்டு 1979-இல் வெளியிட்டார். 12 பேர் முன்பைவிட அதிகம் படைத்ததாகச் சொன்னார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. அப்பாவிடம் காட்டினேன். "கடைசி ஆறு பேரில் எழுது. ஆனால் அந்த ஆறில் நான் உயிரோடு இருக்கிறேன் என்றும் எழுது" என்றார்.

மதிப்பீட்டாளர்

எல்லோருக்கும் நன்றி. தன்னார்வலரிடம் ஒரு கேள்வி: அந்தக் குறிப்பேட்டை ஆய்வாளர்களிடம் காட்டினீர்களா?

தன்னார்வலர்

கடைசி நாள் காட்டினேன். பதினெட்டாம் நாள் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். நான் கிளம்பும்போது அந்த இசையின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.