புதுப்பிப்பு: ரயர் கடைக் காற்றில் கணினித் தூசு

தூசு ஊதும் காற்று டின் விலை கட்டாது, ரயர் கடைக் கொம்பிரசரால் (காற்றை அமுக்கி அடிக்கும் இயந்திரம்) கணினியை ஊதலாமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். சரி, ஊதியாச்சு.

கடைக்கார அண்ணை முதலில் வெறும் நிலத்தில் அடித்துக் காட்டினார். சீமெந்தில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர்! அமுக்கும்போது காற்றின் ஈரம் கொம்பிரசரின் தாங்கியில் தேங்கிவிடும். அடித் திருகைத் திறந்து வடித்து, அழுத்தத்தை 40 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, ஓரடி தள்ளிப் பிடித்தோம். ஊதும் காற்றில் விசிறி அளவுமீறிச் சுழன்றால் பெயரிங் கெடலாம் என்பதால் ஈர்க்கால் தடுத்துக்கொண்டேன். ஹீற்சிங்கிலிருந்து (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) செம்மண் புழுதி கம்பளித் துண்டு மாதிரிக் கழன்றது, கூடவே பல்லி முட்டை ஓடு ஒன்றும். பவர் சப்ளையைத் திறக்கவில்லை, வெளியிலிருந்து மட்டும் ஊதினேன்.

முன்பு விசிறி போட்ட இரைச்சல் இப்போது இல்லை. அண்ணை காசு வாங்கவில்லை. ஒரு பிளேன்டீயோடு கணக்குத் தீர்ந்தது.